பதினாறு மீட்டர்

"பதினாறு பதினாறு மீட்டரா ரெண்டு ஸ்பீக்கர் ஒயர் வேணும்" என்று லிஃப்ட் மெக்கானிக் சொன்னதும், கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்கா சார், சினிமா தியேட்டருக்கா?"

"வீட்டுக்குத்தான்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தான். வீட்டை வரைந்திருந்தான். ஒரு கோடியில் ஓர் அறை, அதில் ஆம்ப்ளிஃபயர். நடுவில் கூடம், இரண்டு கதவுகள். மறுகோடியில் இன்னோர் அறை, அதில் இரண்டு ஸ்பீக்கர்கள். நிலைப்படியில் ஒயர் ஏறி இறங்கும் நான்கு விரற்கடையைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்திருந்தான்.

கடைக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருடத்தில் எத்தனையோ பாட்டுப் பைத்தியங்களைப் பார்த்தவர் அவர்.

"பாட்டு ஒரு ரூம்ல, வால்யூம் திருகறது இன்னொரு ரூம்லயா? அங்க உக்காந்தா உங்களுக்கு என்ன சார் கேக்கும்?"

"எனக்குக் கேக்க வேண்டாம். கை மட்டும் வால்யூம் மேல இருந்தாப் போதும். பாட்டு என் பொண்ணுக்கு. ஏழு வயசு."

"குடுத்து வச்ச பொண்ணு!"

கடைக்காரரின் முகம் இளகிவிட்டது. உற்சாகமாக இரண்டு சுருள்களை எடுத்து வைத்தார். ஒன்று மெலிந்தது. மற்றது சுண்டுவிரல் பருமன். தூரம் கூடினால் மெல்லிய ஒயர் சத்தத்தைப் பாதி வழியிலேயே தின்றுவிடும் என்றார். தடித்ததைப் போட்டால் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

அவன் குறுக்கிட்டான். "ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. நான் உள்ள இருக்கேன். நீங்க வெளிய போய்க் கதவைச் சாத்திட்டு ஒரு தடவ கத்துங்க."

"கத்தணுமா? என்னன்னு?"

"என்னன்னு ஒண்ணும் இல்ல. உயிர் போற மாதிரி கத்துங்க."

கடைக்காரர் சிரித்தார். எதிரில் இருந்தவன் சிரிக்காததைக் கண்டதும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு, பாட்டுப் போட்டுக் காட்டும் பின்னறைக்கு அவனை அழைத்துப் போனார்.

முதலில் மெல்லிய சுருள்.

பாட்டு ஓங்கித்தான் ஒலித்தது. ஆனாலும் அதற்கடியிலிருந்து, கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல, அந்தக் கத்தல் வந்துவிட்டது. அவன் முதுகு விறைத்தது.

பிறகு தடித்த சுருள். வால்யூமை யாரும் தொடவில்லை. அதே பாட்டு இப்போது அறையை நிறைத்து மார்பில் வந்து மோதியது.

கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தான். கதவின் சிறிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. அந்த வாயிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் உள்ளே வரவில்லை.

மூன்று வாரத்தில் முதல்முறையாக அவன் தோள்கள் தளர்ந்தன.

"இதையே வெட்டிடுங்க."

கடைக்காரர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே ஒயரை மேசையோரமாக இழுத்து அளக்கத் தொடங்கினார். அப்போது போன் அடித்தது. அவன் அக்காவின் எண். பேசியது மகள்.

"அத்தை அம்மாகிட்ட இருக்காங்க. நீ எப்பப்பா வருவ?"

"இதோ கிளம்பிட்டேன் கண்ணு. உன் ரூமுக்குப் பாட்டு வரப்போகுது. கதவைச் சாத்திக்கிட்டு நாள் பூரா கேக்கலாம். வேற எந்தச் சத்தமும் உனக்குக் கேக்காது."

"வேணாம்பா."

"ஏன் கண்ணு?"

"வேற சத்தமே கேக்கலன்னா, அம்மா இருக்காங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து, ஒவ்வொரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் அவன் மனைவி வலி தாங்காமல் கத்தத் தொடங்கிவிடுவாள். அவள் முதல் கத்தலுக்கே அவன் ஓடிப்போய் மகளின் அறைக் கதவைச் சாத்துவான். திரும்பி வந்து பார்த்தால் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருக்கும். கொக்கி தேய்ந்துவிட்டது என்று நினைத்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் புதுக் கொக்கி போட்டான். அன்று மாலையும் கதவு ஒரு விரல் அகலம் திறந்துதான் இருந்தது.

"பதினாறு சரியா இருக்கு. வெட்டட்டுமா சார்?" கடைக்காரர் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றார்.

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"வேண்டாம். ஒரே ரூமுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு குடுங்க. மெல்லிசே போதும். நாங்க எல்லாரும் அவ அம்மா ரூம்லயே இருந்துக்கறோம்."

கடைக்காரர் தடித்த ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அவன் போனைத் திரும்பக் காதில் வைத்தான். மகளின் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், கத்தல் ஆரம்பித்துவிட்டது.

"இருக்காங்கப்பா" என்றாள் மகள்.