சுத்தமான குப்பி

ஷோயப் விட்ட முதல் குத்திலேயே ஏழுமலையின் உதடு கிழிந்தது. அடுத்த குத்தில் படகின் விளிம்பில் மண்டை மோதிப் பட்டினப்பாக்கம் மணலில் சரிந்தான்.

"சுத்தமான யூரின்னுதானேடா குடுத்த? டெஸ்ட்ல மெத் கீதுன்னு வந்துட்ச்சு! எம் பொண்டாட்டி ஜுவேரியா புள்ளையத் தூக்கினு அவங்க அம்மா ஊட்டுக்குப் பூட்டா!"

போதையை விடவைக்கும் ஆராய்ச்சி ஒன்றில் ஷோயப் சேர்ந்திருந்தான். மாத்திரை உண்டு, கவுன்சலிங் உண்டு, சிறுநீர் சுத்தமாக இருந்தால் பரிசும் உண்டு. "விடுறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும்ப்பா" என்று டாக்டர் வெங்கடரமணன் முதுகில் தட்டும்போதெல்லாம், 'உனக்கு இன்னா தெரியும்?' என்று உள்ளுக்குள் கறுவுவான். போன வாரம் மறுபடி மெத் அடித்துவிட்டு, அங்கே எல்லோருடைய சிறுநீர்க் குப்பிகளையும் வாங்கி வைக்கும் ஏழுமலையிடம்தான் அவனுடைய சிறுநீரைக் கேட்டு வாங்கினான்.

ஷோயப் அவன் கழுத்தை நெரித்தான். "நீயும் அடிக்கிறியாடா?"

"எம் புள்ள மேல சத்தியமா இல்ல பாய்! எனக்குச் சக்கர கீது. டெஸ்ட்ல காட்டிக் குடுத்துடும்னு பயந்து வேற ஆளோடத குடுத்துட்டேன்."

"எவனோடது?" ஷோயப் துடுப்பை ஓங்கினான்.

"உங்க கூச்சம் போவணும்னு வாராவாரம் அவரும் உங்களோட நின்னு ஒரு குப்பி குடுப்பாரே... அத யாரும் டெஸ்ட் பண்றதில்லியேன்னு எடுத்தேன். நம்ம டாக்டரோடது பாய்!"

துடுப்பு கை நழுவி விழுந்தது.

"அந்த மனுசனுக்கு நெஜமாவே தெரியும்டா" என்றான் ஷோயப்.