வயிற்றெரிச்சல்

"எனக்கு வேண்டாம்டா. ஏற்கெனவே வயிறு எரியுது."

அண்ணன் இப்படிச் சொன்னதும், இனிப்புப் பெட்டியை நீட்டிய தம்பியின் கை அப்படியே நின்றுவிட்டது. பைண்டிங் பிரிவே திரும்பிப் பார்த்தது.

இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, பதினைந்து நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் அண்ணன் அச்சகத்துக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் நாற்காலி, அந்தப் பதினைந்து நாளில் தம்பிக்குப் போயிருந்தது.

"நான் கேக்கலண்ணே. முதலாளியாத்தான் குடுத்தார்."

"தெரியும்டா" என்று முனகிவிட்டு அண்ணன் நகர்ந்துவிட்டார்.

தம்பிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவர்தான். அவர் வாயால் ஒரு 'நல்லா இருடா' கேட்டால் போதும் என்று காத்திருந்தான் அவன்.

மறுநாள் மதியம் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"என்னண்ணே, சாப்பிடலையா?" என்று விசாரித்தார் கட்டிங் மெஷின்காரர்.

"இந்த வயித்தெரிச்சல்ல எங்கப்பா இறங்குது?"

மெஷின்காரர் அதைச் சுடச்சுடத் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். "மனுஷன் ஒளிவுமறைவு இல்லாம ஒத்துக்கிறாருப்பா!"

மூன்றாம் நாள் அண்ணனே தம்பியின் அறை வாசலுக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னால தாங்க முடியலடா. ரொம்ப எரியுது."

"தாங்க முடியலைன்னா இந்தப் பக்கமே பார்க்காத!" தம்பி வெடித்தான். "கூடப்பிறந்தவன் ஒரு படி ஏறினா இப்படியா எரியும்? போ, தண்ணியக் குடிச்சு அணைச்சுக்கோ!"

வெளியே யாரோ சிரித்தார்கள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. காகிதக் கட்டுகளின் மேல் சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் தம்பியைத் தனியே அழைத்தார்.

"ஸ்டென்ட் வச்சப்ப ரத்தக் குழாய்ச் சுவர்ல இருந்து சின்னத் துணுக்குங்க பெயர்ந்து, குடலுக்குப் போற குழாய்ல போய் அடைச்சிருக்கு. ரொம்ப அபூர்வமா இப்படி ஆகும். குடல் முக்கால்வாசி கறுத்துப்போச்சு. எங்களால காப்பாத்த முடியல."

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா பிழைக்க வச்சிருக்கலாம். எப்படிங்க, இவ்வளவு வேதனைய வச்சுக்கிட்டு அவர் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னாரு டாக்டர்" என்றான் தம்பி. "வயிறு எரியுதுன்னு மூணு நாளா என்கிட்டதான் சொன்னாரு."