நஷ்டத்தில் ஓடும் வீடு

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றாரு" என்றார் கணவர், செருப்பைக் கூடக் கழற்றாமல்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் மிதிப்பதை நிறுத்தினாள். "யாரு?"

"வேற யாரு, ஓனர்தான். அந்த வரிச் சலுகையை நிறுத்தப் போறாங்க இல்ல? அதனால அவருக்கு இந்த வீடு வேணுமாம். சாயங்காலம் நேர்ல வந்து பேசறேன்னாரு."

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த முன்னறைதான் அவளுடைய தையல் கடை. பள்ளிச் சீருடைகள் தைத்ததும் தைக்காததுமாகச் சுவரோரம் கட்டுக் கட்டாகக் கிடந்தன. தெரு முழுக்க அவளுக்கு வாடிக்கை. இங்கிருந்து கிளம்பினால் அளவு கொடுக்க யார் தேடிக்கொண்டு வரப் போகிறார்கள்? இந்த முகவரி போனால் பிழைப்பும் போயிற்று.

ஓனர் அயலார் அல்ல. கணவருக்கு அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இத்தனை நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் "நஷ்டம் தங்கச்சி" என்பார். குளியலறைக் கதவு சாத்த வரவில்லை என்றால் வட்டிக்கே வாடகை பத்தவில்லை என்பார். வீட்டுக்குள் அந்த மனிதருக்கு அவள் வைத்திருந்த பெயரே 'நஷ்டம்'தான்.

அந்த நஷ்டத்தின் சூட்சுமம் அவளுக்குத் தெரியாததும் இல்லை. கடன் வாங்கி ஒரு வீடு வாங்க வேண்டியது. அதில் தானே குடியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. வாடகைக்கு விட்டு, வருகிற வாடகையைவிடக் கட்டுகிற வட்டி அதிகம் என்று காட்டினால் போதும். துண்டு விழுகிற தொகையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு வரியைக் குறைத்துவிடுவார்கள். வீட்டின் விலையோ அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். லாபத்துக்கு நஷ்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு அழவும் செய்கிற அநியாயம் வேறு எந்தத் தொழிலில் உண்டு?

தொலைக்காட்சியிலும் அதே விவாதம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சலுகையை எடுத்தால் வாடகை ஏறிவிடும் என்று கோட்டு போட்ட ஒருவர் வாடகைக்காரர்களுக்காக உருகிக்கொண்டிருந்தார். உங்களுக்கு எத்தனை வீடு என்று அவரைக் கேட்க அங்கே ஆளில்லை. அவள் ரிமோட்டை எடுத்து அவர் வாயை அடைத்தாள்.

"வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

"கொஞ்சம் பார்த்துப் பேசு" என்றார் கணவர். "அவருக்கும் வாய் இருக்கு."

"நீங்க சும்மா இருங்க. இப்படிப் பயந்து பயந்துதான் அந்த ஆளு நம்ம தலை மேல ஏறி உட்கார்ந்திருக்காரு."

கணவர் சும்மா இருந்தார். கல்யாணம் ஆன நாளாக நன்றாகப் பழகிய வேலைதான் அது.

சாயங்காலம் ஓனர் வந்து, துணிக் கட்டுகளுக்கு நடுவே கிடந்த ஒரே நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஒரே நாளில் அவரை சார் ஆக்கிவிட்டாள்.

"ஏன் சார், இந்த வீட்டுக்குன்னு ஒரு வாஷர் வாங்கிப் போட்டிருப்பீங்களா? கேட்டா நஷ்டம். அந்த நஷ்டத்தைத்தான் வருஷா வருஷம் வரியில கழிச்சுக்கிட்டீங்களே. நீங்க கட்டாத வரியை யாரு கட்டினா? நூல்கண்டு வாங்கினாலும் வரி கட்டற ஜனங்கதான் கட்டினாங்க."

ஓனர் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். மனசாட்சி உறுத்துகிறது போலும் என்று அவள் இன்னும் சூடேறினாள். ஒரு குடும்பம் குடியிருக்கிற வீட்டை வரி மிச்சம் பிடிக்கிற உண்டியலாக வைத்திருப்பது பாவமில்லையா என்று கேட்டாள். கூரைக்குக் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாதவர்களுக்கு வீடு ஒரு கேடா என்றும் கேட்டாள். கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தண்ணீர் குடிக்க உள்ளே போன கணவர் அங்கேயே தங்கிவிட்டார்.

"சலுகை இருந்த வரைக்கும் நாங்க வேணும். அது போச்சுன்னா நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று முடித்தாள். மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

ஓனர் நிதானமாக நிமிர்ந்தார்.

"நடுத்தெருவுல எதுக்கு நிக்கணும் தங்கச்சி? நான் என் வீட்டுக்கு வந்துடறேன், நீங்க உங்க வீட்டுக்குப் போயிடுங்க. உங்க வீட்டுல நானும், என் வீட்டுல நீங்களும் வாடகைக்கு இருந்தா ரெண்டு பக்கமும் வரி மிச்சம்னுதானே மாத்திக்கிட்டோம். அந்த மிச்சமே இல்லைன்னு ஆயிடுச்சு, இனிமே எதுக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்த வீட்டுக்கா? மழை பெய்ஞ்சா கட்டில் மேல குடை பிடிக்கணும், சுவத்துல கை வெச்சா கையோட வருது. அதுல மனுஷங்க குடியிருக்க முடியுமா?"

"அதைத்தான் குடிவந்த நாள்லேர்ந்து நானும் கேட்டுக்கிட்டிருக்கேன், ஓனரம்மா" என்றார் அவர்.