மிதக்கும் மாப்பிள்ளை வீடு

"கப்பல்ல வேலை பாக்குறவருக்குக் கப்பல்தானே வீடு? அதைப் பாக்காம எப்படிப் பொண்ணைக் குடுக்குறது?"

இப்படிச் சொல்லித்தான் ராஜபாண்டியன் குடும்பத்தோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேனைக் கிளப்பினார். கடலோரக் காவல் படைக் கப்பலைப் பொதுமக்கள் ஏறிப் பார்க்க விட்டிருந்த நாள் அது. மாப்பிள்ளை பாண்டிமுருகனுக்கு அதில்தான் வேலை.

வேனை விட்டு இறங்கும்போதே போன். அச்சங்குளத்தில் இருக்கும் அவருடைய பட்டாசு ஆலையிலிருந்து போர்மேன் சோணைமுத்து ஸ்பீக்கரில் அலறினார்.

"மொதலாளி, தீயணைக்க வச்ச மணல் வாளி அம்புட்டும் காலியா கெடக்கு. தண்ணித் தொட்டி வேற ஒழுகுது."

"சீசன் நேரத்துல உசுர வாங்காதலே. தீபாவளி முடியட்டும்."

பக்கத்தில் நின்ற மனைவி சுப்புத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். ரோட்டில் லாரி டயர் வெடித்தால்கூட, ஆலைதானோ என்று பதறி வாசலுக்கு ஓடுகிறவள் அவள். அவளும் மகள் யோகேஸ்வரியும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

கப்பலில் ஏறியதும் மனுஷன் மாட்டுச் சந்தைக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். இரும்பைத் தட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"இது பீரங்கி, மாமா. இருட்டுலயும் குறி தப்பாது" என்று சுற்றிக் காட்டினான் பாண்டிமுருகன்.

"சத்தம் எப்படி?"

"காது கிழிஞ்சிரும்."

"எங்க கம்பெனி வெடியை நீங்க கேட்டதில்லை போல."

யோகேஸ்வரி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது ஹெலிகாப்டர் எறங்குற எடம். அங்கன இருக்குற படகைக் கண் மூடித் தொறக்குறதுக்குள்ள கடல்ல எறக்கிருவோம். வேற கப்பல்ல தீப்பிடிச்சா, இந்தக் குழாய் தூரத்துல இருந்தே தண்ணியைப் பீச்சி அணைக்கும்."

"இந்தக் கப்பல்லயே தீப்பிடிச்சா?"

"அதுக்கும் அடிக்கடி ஒத்திகை பாப்போம், மாமா."

"லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு இருக்கா? கிழிசல் இல்லையே?"

கேட்டதோடு விடவில்லை. ஒன்றை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு, தொம்தொம்மென்று இரண்டு குதி குதித்தும் பார்த்தார். கூட்டமே கப்பலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

"பாதுகாப்புல ஒரு ஓட்டை இருந்தாலும் எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன். இங்கன அம்புட்டும் சரியா இருக்கு. எனக்குச் சம்மதம், மாப்பிள!"

பாண்டிமுருகன் ஓரக்கண்ணால் யோகேஸ்வரியைப் பார்த்தான்.

"சந்தோசம், மாமா. ஆனா எங்கம்மாவும் ஒண்ணு சொல்லிவிட்டாக. சம்பந்தி வீட்டு ஆலை எம்புட்டுப் பத்திரம்னு பாக்கணுமாம். நாளைக்குக் காலைல காரியாபட்டியில இருந்து நேரா அச்சங்குளம் வர்றாக. சரியில்லைன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாமாம்."

ராஜபாண்டியனுக்கு முகம் வெளுத்தது. போனைக் காதில் வைத்தபடி, லைஃப் ஜாக்கெட்டோடு படியில் தடதடவென இறங்கி ஓடினார்.

"ஏலே சோணைமுத்து! வேலையை நிப்பாட்டு! மணல் லோடு எறக்கு! தொட்டியைப் பூசு! சீசனாவது ஒண்ணாவது!"

"சார், ஜாக்கெட்டு!" என்று கப்பல் வீரர் ஒருவர் பின்னாலேயே ஓடினார்.

சுப்புத்தாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வருசத்துக் கவலை!

"உங்கம்மா நல்லா இருக்கணும், மாப்பிள. நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாக? சமைச்சு வைக்கிறேன்."

பாண்டிமுருகன் தலையைச் சொறிந்தான்.

"அம்மாவுக்கே இனிமேதான் சொல்லணும், அத்தை. இப்படிச் சொன்னாத்தான் கட்டிக்குவேன்னு உங்க மக ஒரே பிடிவாதம்!"