ஐயர் கொடுத்த பொட்டலம்

“எம் மவளுக்குப் புகையிலை கொடுத்துப் பழக்குனது நீங்கதானா, சாமி?”

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் இருந்த அந்தச் சுக்கு மூட்டைக் கிட்டங்கிக்குள் பேச்சியம்மாள் நுழைந்ததே இந்தக் கேள்வியோடுதான். அறுபத்தொன்றாம் வருஷம், ஒரு மத்தியானம்.

தராசடியில் நின்றிருந்த குமாஸ்தா சிவசங்கர ஐயர் திரும்பிப் பார்த்தார்.

“முப்பிடாதிக்கு வாற தையிலதான் பதினாறு முடியுது. பச்சப்பிள்ள. அது வாயில போயி...”

“மெல்லப் பேசு, பேச்சி.”

“எதுக்கு மெல்ல? ஒங்க வீட்டுலயும் பொம்பளப் பிள்ளை இருக்குல்லா? அது வாயில வைப்பீங்களா இதை?”

“வைப்பேன்” என்றார் ஐயர்.

பேச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். கஞ்சி குடிக்கிற நேரத்தில், கூட வேலை பார்க்கும் காளியம்மை வந்து காதில் போட்டுவிட்டாள். “ஒம் மவ பத்து நாளா புகையிலை போடுதா. அவகூட இருக்கிற நாலு குமரிகளுந்தான். பொட்டலம் கட்டிக் கொடுக்கிறது யாரு தெரியுமா? குமாஸ்தா ஐயரு!”

ஐயரா? புகையிலை வாடை அடித்தாலே மேல்துண்டால் மூக்கைப் பொத்துகிற மனுஷரா? படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்!

மகள் வாயில் ஒரு வாடையும் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். தாயின் வாயே எந்நேரமும் புகையிலையாக இருக்கும்போது மகள் வாய் வாடை எப்படித் தெரியும்?

பேச்சியம்மாளும் இதே கிட்டங்கியில்தான் பழகினாள், பதினாலு வயதில். காலையில் குத்தவைத்தால் சாயங்காலம் வரை சுக்கைத் தேய்த்துத் தரம் பிரிக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எச்சில் சரக்கில் பட்டுவிடக் கூடாதே! காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை பின்பக்கம் காயலோரம் போய், கால் மணி நேரம் மென்று துப்பிவிட்டு வரலாம். அதற்கும் மேஸ்திரியிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். சுத்தமான வாய்க்கு அங்கே என்ன வேலை?

கால் மரத்துப்போய் அழுதுகொண்டிருந்த சின்னப் பேச்சிக்கு, பக்கத்தில் இருந்தவள் பாவம் பார்த்து ஒரு கிள்ளு புகையிலை கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இப்போது அவளுக்கு அடுத்த மிளகுக் கிட்டங்கியில் வேலை. கன்னத்துக்குள் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. இனியும் போட்டால் கன்னத்தையே அறுக்க வேண்டி வரும் என்று தர்மாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் நிறுத்த முடியவில்லை. மகளாவது தப்பட்டும் என்று, வேலைக்கு அனுப்பிய முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தாள்.

முப்பிடாதி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, வாம்மா. வீட்டுல வச்சு எல்லாம் சொல்லுதேன்.”

“தொடாதட்டி! மாரியம்மன் மேல சத்தியம் பண்ணினியேட்டி!”

சொல்லிக்கொண்டே மகளின் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை உருவினாள். வாழைச்சருகில் கட்டிய சின்னப் பொட்டலம்.

சத்தம் கேட்டு மேஸ்திரி பைலி வந்துவிட்டான். “எந்தா இவிடே பகளம்?”

“வா மேஸ்திரி. இந்தக் கூத்தை நீயே சேட்டுகிட்டப் போய்ச் சொல்லு. குமரிப் பிள்ளைகளுக்கு இவரு என்னத்தக் கொடுக்காருன்னு ஊரே பாக்கட்டும்!”

ஐயரின் முகம் வெளுத்துப் போயிற்று. முதலாளி சேட்டு வரை போனால் பிழைப்பு போச்சு. “பேச்சி, சொன்னாக் கேளு. அதைப் பிரிக்காதே” என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள் பேச்சியம்மாள்.

பைலி கையை நீட்டினான். “இங்கோட்டுத் தா. ஞான் நோக்கட்டே.”

“நீ என்னத்த நோக்கப் போற? இருபத்திரண்டு வருஷம் போட்டவ நானு. யாழ்ப்பாணமா, வடக்கனான்னு நாக்குல வச்சதும் சொல்லிருவேன்.”

வாசலுக்குப் போய், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்பாகச் சுருள் சுருளாக இருந்தது. ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

மெல்லுவது நின்றது.

மகளைப் பார்த்தாள். அவள் கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தாள். ஐயரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எடைக்கல்லை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“எந்தா பேச்சி, ஒண்ணும் பறயாத்தது? எனிக்கும் கொறச்சு தா” என்று பைலி மறுபடியும் கையை நீட்டினான்.

அந்தக் கை வந்து சேருவதற்குள், மிச்சம் இருந்தது முழுவதையும் வாயில் கொட்டிக்கொண்டாள் பேச்சியம்மாள்.

“எடி! தல கறங்கி வீழும்!”

“ஒண்ணும் தலை சுத்தாது. புகையிலைதான், மேஸ்திரி. நல்ல முரட்டுப் புகையிலை. பாரேன், கண்ணுல தண்ணி வந்துட்டு. நாந்தான் வீணாச் சண்டைக்கு வந்துட்டேன். வேலை செய்யிற பிள்ளைக, போட்டாப் போட்டுட்டுப் போகுது. துப்புற நேரமாச்சுல்லா? அனுப்பு அதுகளை.”

பைலி தலையில் அடித்துக்கொண்டு போனான். முப்பிடாதியும் மற்றப் பெண்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை உதறியபடி காயல் பக்கம் நடந்தார்கள்.

அவர்கள் போகிறவரை பேச்சியம்மாள் மென்றுகொண்டே நின்றாள். பிறகு தராசடிக்கு வந்தாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

“தேங்காயும் கருப்பட்டியும் நல்லா வறுபட்டிருக்கு, சாமி” என்றாள் மெதுவாக. “ஒங்க வீட்டம்மாகிட்டச் சொல்லி, நாளைக்கு முப்பிடாதி கையில எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து விடுங்க. நானும் நிறுத்திப் பாக்கேன்.”