ஐநூறு ரூபாய் டிப்ஸ்

"இதோட நாலு டிரைவர்ங்க! எடுக்கான், போன் பண்ணுதான், உடனே கேன்சல் பண்ணிருதான். ஏன்னே புரியல!"

கால்டாக்சி ஆப் திறந்திருந்த செல்போனை மாலினி கட்டிலில் எறிந்தாள். அவள் தைத்த கல்யாண ரவிக்கைகள் பத்து மணிப் பூசைக்கு முன்னால் கீழவைப்பார் போய்ச் சேர வேண்டும். தூத்துக்குடியில் இருந்து பஸ் மாறிப் போனால் பூசையே முடிந்துவிடும்.

காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த கணவன் கோவிந்த் கேட்டான்: "டிப்ஸ் எவ்வளவு போட்டே?"

"அம்பது."

"அங்கதான் தப்பு. நாம முன்னாலயே போடுற டிப்ஸ், டிரைவரோட ஸ்கிரீன்ல வாடகைக்குப் பக்கத்துலயே தெரியும். அதைப் பார்த்துத்தான் வரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவான். பார்த்ததும் ஆசை வரணும். இருநூறாக்கு."

ஆக்கினாள். உடனே ஒருவர் எடுத்தார். போனும் வந்தது.

"யக்கா, கீழவைப்பார்ல எங்கன எறங்கணும்?"

"கடற்கரைப் பக்கம்தான். அங்கன ஆளு நிக்கும், வாங்கிக்கிடுவாங்க."

"பண்டல் இருக்கோ?"

"ரெண்டு இருக்கு. கறுப்புக் கவர்ல போட்டு டேப் சுத்தியிருக்கேன். கடல் தண்ணி பட்டாலும் உள்ள எறங்காது."

போன் பட்டென்று துண்டானது. அடுத்த நொடி, கேன்சல்.

மறுபடி போன் அடித்தது. மணப்பெண் ஜெயசெல்வி.

"யக்கா, எங்க வாரிய? சீலையக் கையில வச்சிக்கிட்டு நாங்க அத்தன பேரும் உக்காந்திருக்கோம். ரவிக்கை இல்லாம கோயிலுக்கு எப்படிப் போக? எங்கம்மா அழவே ஆரம்பிச்சிட்டாவ!"

மாலினி மூன்று மாதமாகக் கண் நோக ஊசி பிடித்த வேலை. இன்று கெட்டால் கடற்கரை ஊர்களில் இனி ஒருத்தியும் அவளிடம் துணி தரமாட்டாள்.

"ஐநூறு போடு," என்றான் கோவிந்த்.

"ஐநூறா! வாடகையில பாதிங்க!"

"போட்டுப் பாரேன்."

போட்டாள். இந்த முறை எடுத்தவர் எதுவுமே கேட்கவில்லை. "வந்துட்டே இருக்கேன்மா," என்று மட்டும் சொன்னார்.

வாசலில் கார் வந்து நின்றது. முன் சீட்டில் ஒரு பெண் இருந்தாள்.

"எங்க மதினி. போற வழியில எறங்கிருவாவ," என்றார் டிரைவர் பொன்னுதுரை.

அந்த மதினி இறங்கி வந்தாள். பண்டலைத் தூக்கி எடை பார்த்தாள். பிறகு, கைப்பையில் இருந்து சிறு கத்தியை எடுத்து டேப்பைச் சரக்கென்று கிழித்தாள்.

"ஏங்க! என்ன பண்ணுதீங்க?" மாலினி அலறினாள்.

ஜரிகை மின்னும் சிவப்புப் பட்டு ரவிக்கை வெளியே சரிந்தது. அந்தப் பெண் விடவில்லை. அடிவரை கைவிட்டுத் துழாவினாள். இரண்டாவது பண்டலையும் கிழித்தாள். அதிலும் ரவிக்கைகள்தான்.

"இலை எங்கம்மா?"

"எந்த இலை?"

அந்தப் பெண் அடையாள அட்டையை நீட்டினாள். போலீஸ்!

உள்ளேயிருந்து கோவிந்தின் குரல் உற்சாகமாக வந்தது: "பாத்தியா, ஐநூறு வேலை செஞ்சிட்டுல்லா?"

ரவிக்கைகளைப் பதமாக மடித்து வைத்தபடி போலீஸ்காரப் பெண் டிரைவரை முறைத்தாள். பொன்னுதுரை தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காதீயம்மா, நாந்தான் இவுகளுக்குச் சொன்னேன். இலங்கைக்குப் பீடி இலை கடத்துதவன்தான் கறுப்புப் பண்டலோட கடற்கரைக்கு வண்டி கேட்டு, டிப்ஸையும் முன்னாலயே போடுவான். மாட்டுனா எங்க வண்டி போயிரும், அதான் நீங்க கூட்டக் கூட்ட ஒருத்தனும் வரல. ஏறுங்க, பூசைக்குள்ள சேத்திருதேன். இனிமே டிப்ஸ எறங்கும்போது கையில குடுங்க, வண்டி தானா வரும்."