இருபதும் தப்பு

“ஜீரோவுக்கு எப்படிம்மா பாஸ் போடுறது?”

கேட்டுவிட்டு மேரிசெல்வி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். திருத்த வேண்டிய விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு இருந்தது. உப்புக்காற்றில் தாள்களெல்லாம் நமுத்துப்போய், மின்விசிறிக்குக்கூட அசையாமல் கிடந்தன.

எதிரே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த வேலம்மாள், மரக்காணம் உப்பளத்தில் விடியற்காலையிலிருந்து உப்பு வாரிவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். கணுக்கால்வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“இந்த வாட்டி அரியர் பிள்ளைங்க எல்லாரையும் பாஸ் பண்ண வச்சிடுவேன்னு கிளாஸ்ல சொன்னீங்களாம். பொண்ணு வந்து சொல்லிச்சு. அதான் மிஸ், ஓடியாந்தேன்.”

சொன்னது உண்மைதான். வருடா வருடம் அதே பாடத்தை நடத்தி, அதே முகங்களை மறுபடி மறுபடி பார்த்து அலுத்துப்போய், போன வாரம் வகுப்பில் அப்படி வாயை விட்டிருந்தாள்.

வேலம்மாளின் மகள் சூர்யகலா, மேரிசெல்வி கணக்கு நடத்தும் இந்தக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவள். கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்துப் போய்விட்டார்கள். அவளும் மற்ற எல்லாத் தாளிலும் பாஸ். கணக்கு எடுக்காத பிள்ளைகளுக்கும் முதல் வருடம் வைக்கிற ஃபைனைட் மேத்ஸ் ஒன்றுதான் பாக்கி. கணங்கள், அணிகள், நிகழ்தகவு என்று ஒவ்வொன்றின் வாசல்வரை கூட்டிப்போய் எட்டிப்பார்க்க வைத்துவிட்டுத் திரும்பிவிடும் சின்னப் பாடம். அதில் இரண்டு முறை ஃபெயிலாகி, இப்போது ஜூனியர் பெண்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இது முடிந்தால் டிகிரி.

சேப்பலில் ஈஸ்டர் பாட்டுக்கு ஒத்திகை நடந்தது. பாடுகிறவர்கள் ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கி நின்றார்கள்.

இவ்வளவு அவசரமாக வரும்படி என்ன என்று மேரிசெல்வி கேட்டாள். கல்யாணம் என்றாள் வேலம்மாள். வானூரில் இருக்கும் தன் நாத்தனார் மகனுக்குச் சூர்யகலாவைப் பேசி வைத்திருக்கிறார்கள். படிப்பு முடிகிற மாதமே தாலி என்று வீட்டுக்காரர் தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் முதல் சம்சாரம் தவறிவிட்டது. ஆறாவது படிக்கிற பெண் ஒன்று இருக்கிறது. தாயில்லாத பிள்ளையை நாமே பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்கிறார். இதையெல்லாம் வேலம்மாள் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

மேரிசெல்விக்கு இது புதிதில்லை. அரியருக்காகக் காத்து நிற்கும் கல்யாணங்கள் இந்தக் கரையில் நிறைய. திருத்தி வைத்த கட்டிலிருந்து சூர்யகலாவின் தாளை உருவி மேசையில் திருப்பி வைத்தாள்.

“பாருங்க. இருபது கேள்வி. சரியா, தப்பா, ஏதாவது ஒண்ண டிக் அடிக்கணும். அவ்ளோதான். உங்க பொண்ணு அடிச்சது இருபதும் தப்பு.”

“அப்ப கண்டிப்பா ஃபெயிலுதானுங்களா மிஸ்?”

அந்தக் குரல் லேசாக நடுங்கியதும் மேரிசெல்விக்கு இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

“படிக்கவே வேணாம்மா. பூவா தலையா போட்டு, தலை விழுந்தா சரி, பூ விழுந்தா தப்புன்னு அடிச்சிருந்தாக்கூட பாதி வந்திருக்கும்.” வகுப்பில் செய்கிற பழக்கத்தில், கைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துச் சுண்டியும் காட்டினாள்.

காசு மேசைமேல் சுற்றிச் சுற்றி, தள்ளாடி விழுந்தது. மேரிசெல்வியின் கண் அதிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம், இன்றுதான் அவள் காதிலேயே விழுந்தது.

பாதி வந்திருக்கும். ஒன்றும் தெரியாதவளுக்குக்கூட ஏழோ எட்டோ தப்பித் தவறி வந்திருக்கும். ஒன்றுகூடச் சரியாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், இருபதுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

தாளை இழுத்து மறுபடி பார்த்தாள். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் ஓர் அடித்தல். முதலில் போட்டிருந்த சரியான விடையை அடித்துவிட்டு, சூர்யகலா தப்பானதைப் போட்டிருந்தாள்.

“ஏம்மா, உங்க பொண்ணுக்கு எல்லாமே தெரியுது. வேணும்னே தப்பா எழுதியிருக்கா.”

வெகுநாளைக்குப் பிறகு மேரிசெல்வி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நாளைக்கே சூர்யகலாவைத் தன் எதிரில் உட்கார வைத்து மறுபடி எழுத வைப்பதாகச் சொன்னாள். அவளுக்கு என்ன பயமோ, அதையும் கேட்டுச் சரிசெய்துவிடலாம். பாஸ் என்ன, நல்ல மார்க்கே வரும். கவலையில்லாமல் வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

வேலம்மாள் எழுந்திருக்கவில்லை. குனிந்து, கணுக்காலில் காய்ந்திருந்த உப்பை விரலால் தேய்த்தாள். அது தரையில் மெல்ல உதிர்ந்தது.

“எல்லாத்தையும் தப்பா போடுன்னு நான்தான் மிஸ் சொன்னேன். பாதி சரியா வரணும்னு எனக்குத் தெரியாதுங்க.”

சேப்பலில் பாட்டு மறுபடி அதே வரியில் நின்றது.

“இந்த வாட்டியும் ஃபெயில் போட்டுடுங்க மிஸ்.”